‘ஜகன்மோகினி’யின் உடைமை வரலாறு: சில குறிப்புகள்

1

சஞ்சிகையொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆசிரியரையும் அதில் எழுதியோரையும் பற்றியே எழுதுவர். அச்சகம் யாருடையது, காகிதம் எவர் பணத்தில் வாங்கப்பட்டது, இதழின் பெயர் எவருடைய சொத்தாயிருந்தது என்னும் வினாக்கள் வியாபாரக் கணக்குகளாகக் கருதப்பட்டு இலக்கிய வரலாற்றுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. பெண்களுக்கான சஞ்சிகைகளின் விடயத்தில் இப்புறக்கணிப்பு இன்னும் கூடுதலாகக் காணப்படுகிறது. அவற்றிற் பெரும்பகுதி ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லால் தள்ளுபடி செய்யப்படுவதால், தள்ளுபடி செய்யப்பட்ட பொருளின் உடைமை பற்றி எவரும் வினவுவதில்லை.

பொருளுற்பத்திச் சாதனங்களை உடைய வர்க்கமே கருத்துற்பத்திச் சாதனங்களையும் தன் வசம் வைத்திருக்கும் என்பது மார்க்சியத்தின் அரிச்சுவடி. அரிச்சுவடியைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதால் ஆய்வு நிறைவடைந்துவிடாது. கல்விக்கூடம் செல்லாத ஒரு பெண் ஒரு சஞ்சிகையை விலைக்கு வாங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார் என்றால், இவ்வரிச்சுவடிக்கு அந்நிகழ்ச்சி எங்ஙனம் பொருந்துகிறது? வை. மு. கோதைநாயகி அம்மாளும் அவருடைய ‘ஜகன்மோகினி’யும் எம்முன் வைக்கும் வினா இதுவே. கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளின் அடிவாரத்திலிருந்து தமிழ் இலக்கியத்தைக் கற்கும் எமக்கு இது வெறும் சென்னை விவகாரமன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காட்ட முயல்வேன்.

2

தமிழில் பெண்களுக்கான சஞ்சிகைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டன. சமயப் பணியாளரும் சமூகச் சீர்திருத்தக்காரரும் அவற்றின் பின்னணியில் நின்றனர். இந்நிலையைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு 1905 ஆகஸ்டில் சென்னையில் தோன்றிய ‘சக்கரவர்த்தினி’. மாதர் முன்னேற்றத்தை நோக்கமாக அறிவித்துக்கொண்ட அவ்விதழின் ஆசிரியர் சுப்பிரமணிய பாரதி. உரிமையாளர் வைத்தியநாத ஐயர். பெண் விடுதலைச் சிந்தனையின் முக்கியமான தொடக்கக் குரல்களுள் ஒன்று அதில் ஒலித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் உடைமையும் ஆசிரியத்துவமும் ஆடவர் கையிலிருந்த அவ்வமைப்பில் பெண் முதன்மையாக அறிவுறுத்தப்பட வேண்டியவளாகவே நின்றாள்.

இதற்கு மாறான முயற்சிகளும் நிகழ்ந்தன. 1917இல் அடையாற்றில் நிறுவப்பட்ட இந்திய மாதர் சங்கம் 1918 முதல் ‘ஸ்திரீ தர்மம்’ இதழை நடத்தியது. அது தனியொருவரின் சொத்தாயிராமல் ஒரு சங்கத்தின் குரலாய் விளங்கியது. பிற்காலத்தில் முத்துலட்சுமி ரெட்டி அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஆயினும் ஆங்கிலத்தையே முதன்மையாகக் கொண்டு, தமிழ், தெலுங்கு, இந்தி ஆகியவற்றுக்கும் சில பக்கங்களை ஒதுக்கிய அவ்விதழின் வாசகப் பரப்பு கல்வியும் வசதியும் உடைய உயர்குடிப் பெண்களைக் கடந்து பெரிதும் செல்லவில்லை. 1936இல் அதன் பயணம் முடிவுற்றது. யாழ்ப்பாணத்தில் 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்னும் இதழைத் தொடங்கியமையும் இங்கு நினைக்கத்தக்கது. இலங்கைத் தமிழ்ப் பெண்ணொருவர் தாமே பத்திரிகை நடத்த முன்வந்த அச்செயல் எமது இலக்கிய வரலாறுகளிற் பெற்றிருக்க வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

3

கோதைநாயகி 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்டவர். பாடசாலைக் கல்வி பெறாதவர். தொடக்கத்தில் எழுதும் பயிற்சியின்மையால் தமது கற்பனைகளைத் தோழியொருத்திக்குச் சொல்லி எழுதுவித்தவர். ‘இந்திர மோகனா’ என்னும் நாடகமே அவருடைய முதல் நூல். ஏற்கெனவே நடைபெற்று நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை அவர் 1925இல் விலைக்கு வாங்கினார். துப்பறியும் நாவல்களாற் புகழ் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கமளித்தார். அவ்விதழில் ‘வைதேகி’ தொடர்கதையாக வெளிவந்தது. அன்றுதொட்டு 1960இல் அவர் மறையும்வரை அவரும் அவ்விதழும் ஒன்றாகவே கருதப்பட்டனர். நூற்றுப் பதினைந்து நாவல்கள் அவர் பெயரில் உள்ளன.

அதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்த இன்னொரு கைமாற்றத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ இதழை 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கினார். பெயரிலுள்ள ஓரெழுத்துக்கு இருபத்தைந்து ரூபாயாக இருநூறு ரூபாவுக்கு அது கைமாறிற்று என்பது பத்திரிகை உலகில் வழங்கும் செய்தி. இரண்டும் தளர்ந்துபோயிருந்த இதழ்கள். இரண்டும் புதிய உடைமையாளரால் உயிர்பெற்றன. ஆனால் வாங்கியவர்களின் சமூக நிலை வேறு. வாசன் விளம்பரத் தொழிலிலிருந்தும் தபால்வழி வியாபாரத்திலிருந்தும் வந்தவர். சஞ்சிகையென்பது வாசகரைத் திரட்டி விளம்பரதாரருக்கு விற்கும் சாதனம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். குறுக்கெழுத்துப் போட்டிகளும் விளம்பரங்களும் ஈட்டித் தந்த பலம் பின்னர் ஜெமினி ஸ்டூடியோவாகவும் விரிந்தது. கோதைநாயகி அம்மாளிடம் இருந்த மூலதனமோ தம் எழுத்து. தம் நாவலைத் தாமே அச்சிட்டுத் தாமே விற்கும் சிறு பண்ட உற்பத்தியாளராக அவர் இருந்தார். பிற்பாடு சொந்தமாக அச்சகமும் அமைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு நேர்ந்தபோது நிலத்தை விற்று இதழைக் காத்தார். விளம்பர மூலதனம் வாசகரைப் பெருக்கி அச்சத்தைத் தணித்த அதே காலத்தில், இவர் வீட்டுச் சொத்தைக் கரைத்து இதழை நிறுத்தவேண்டிய நிலையைத் தவிர்த்தார். வேறுபட்ட இவ்விரு பொருளாதார அடித்தளங்களையும் கருதாது, ‘இது இலக்கியம், அது வணிகம்’ என்று பிரிப்பது விமர்சனமாகாது.

உடைமை தந்த சுதந்திரம் உண்மையானது. 1932இல் மறியற் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற ஒரு பெண், தம் பெயரில் இதழை நடத்தத் தொடர்ந்து முடிந்ததென்றால், அவருக்கு மேலே அவரை விலக்கக்கூடிய முதலாளி எவரும் இருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். காந்தியம், மதுவிலக்கு, கதர், பெண்கல்வி ஆகியவற்றை அவர் இதழில் எழுத எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. 1938இல் ‘அநாதைப் பெண்’ திரைப்படமாக வந்தபோது, பெண்ணொருவரின் கதை புதிய தொழில்நுட்ப ஊடகத்துள்ளும் புகுந்தது.

ஆயினும் இச்சுதந்திரத்தின் எல்லையையும் காணவேண்டும். மேடையேறிப் பேசி, மறியல் செய்து, சிறைவாசம் கண்டு, அச்சகம் நடத்திய அவருடைய கதைத்தலைவியரோ பெரும்பாலும் இல்லறத்தின் எல்லைக்குள்ளேயே தம் மேன்மையை நிறுவுகின்றனர். துன்பத்தைப் பொறுத்தலும் இறுதியில் நன்மை வெல்லுதலும் அக்கதைகளின் அச்சாணிகள். ஆசிரியையின் வாழ்வு கதைத்தலைவியின் வாழ்வைவிட முன்னேறி நிற்கும் இம்முரண்பாட்டை அவருடைய பற்றாக்குறையாக மட்டும் கொள்வது எளிது. ஆனால் சந்தாவை நம்பி வாழும் சிறு சஞ்சிகை, சந்தாப் பணத்தைத் தன் கையில் வைத்திருக்கும் குடும்பத் தலைவரின் வாசலைத் தாண்டித்தான் வாசகியிடம் செல்லவேண்டியிருந்தது. பத்திரிகையின் உடைமை பெண்ணிடம் இருந்தது. அதை வாங்கும் பணத்தின் உடைமை பெண்ணிடம் இருக்கவில்லை. கதையின் உருவத்தில் இந்த இரண்டாவது உடைமை தன் முத்திரையைப் பதித்தது என்பதே எனது கருத்து. ‘ஜகன்மோகினி’ அவர் கைக்கு வந்த அதே 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ பெண்ணடிமைத்தனத்தைச் சாதியோடும் சமயத்தோடும் இணைத்துத் தாக்கியது. அதற்கு ஓர் இயக்கம் பின்புலமாயிருந்தது. கோதைநாயகி அம்மாளின் கதையுலகமோ மேற்சாதி இல்லங்களின் எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை.

1960இல் அவர் மறைந்தார். தனியொருவரின் உழைப்பிலும் சொத்திலும் தங்கியிருந்த இதழ் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் அவரைக் காத்த தனியுடைமையே இதழின் ஆயுளை அவருடைய ஆயுளோடு கட்டியும் வைத்தது. இது பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. எமது நாட்டில் 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கி, வீதி வீதியாய்த் தாமே விற்ற ‘மல்லிகை’யும் 2012இல் அவருடைய முதுமையோடு நின்றது.

4

‘ஜகன்மோகினி’ விட்டுச்சென்ற வாசகிகளை யார் பெற்றனர்? 1941இல் தோன்றிய ‘கல்கி’யின் நிறுவனத்திலிருந்து 1980இல் ‘மங்கையர் மலர்’ வெளிவந்தது. 1998இல் ‘அவள் விகடன்’ தோன்றியது. எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாயாக வாங்கப்பட்ட பெயரே எழுபது ஆண்டுகளின் பின் பெண்ணை நோக்கி நீட்டப்பட்டது. இவற்றில் பெண் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இருந்தனர். பயனுள்ள சட்டம், உடல்நலம், தொழில் பற்றிய பக்கங்களும் இருந்தன. இவற்றை ஒரேயடியாக இழித்துரைப்பது நியாயமன்று. ஆயினும் வாசகி இங்கு நுகர்வோளாகவும் எண்ணப்படுகிறாள். சமையல், அழகு, தங்கம், பட்டு ஆகியவற்றின் பக்கங்களும் அவற்றுக்கான விளம்பரங்களும் அருகருகே நிற்பது தற்செயலன்று. விளம்பரப் பொருளாதாரத்தை நம்பிய இதழ் அதன் நெருக்கடிக்கும் ஆளாகும். பெருந்தொற்றுப் பரவிய 2020இல் ‘மங்கையர் மலர்’ அச்சிலிருந்து விடைபெற்று மின்வெளிக்குச் சென்றமை அதனைக் காட்டிற்று.

இந்த வரலாறு கண்டிக்கு எங்ஙனம் உரியதாகிறது? தோட்டத் தொழிலாளரைக் கொண்டுவந்த கடல்வழியேதான் சென்னையின் அச்சுப் பண்டங்களும் எமது சந்தைக்கு வந்தன. 1954இல் அமைக்கப்பட்ட முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியத்தை வலியுறுத்தியது. 1970இற் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு அவை பெருக்கெடுத்து வந்தன. கட்டுப்பாடு ஈழத்து எழுத்துக்கு மூச்சு விட இடம் தந்தது. அதை மறுக்க முடியாது. எனினும் அவ்விவாதத்தில் ‘மலினச் சஞ்சிகை’ எனும் சொல்லுக்கு அடியில் பெண் வாசகி பெரிதும் மறைந்துபோனாள் என்பதை எம்மவர் தன்விமர்சனத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த இதழை நிறுத்துவது என்று பேசினோம். அந்த இடத்தில் பெண்கள் தமதாக எதை நடத்துவது என்று போதுமான அளவு கேட்கவில்லை.

மலையகத்தில் இவ்வினாவுக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியில் பங்கேற்றார். பெண்ணுரிமை பற்றி எழுதினார். தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்கள் பாடி மக்களைத் திரட்டினார். எழுத்தறியாத தொழிலாளப் பெண்ணுக்கு அச்சுத்தாள் எட்டாதபோது பாட்டு எட்டியது. 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு நடேசய்யர் அமைத்த தொழிற்சங்கம் அவ்வெழுத்துக்கும் பாட்டுக்கும் பின்புலமாயிற்று. ஆனால் பத்திரிகை கணவருடையது.

திருவல்லிக்கேணியிலிருந்த கோதைநாயகி அம்மாளையும் ஹட்டன் மேடையில் நின்ற மீனாட்சி அம்மாளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. முன்னவருக்கு உடைமை இருந்தது, அவ்வுடைமையைத் தாங்கும் அமைப்பு இருக்கவில்லை. பின்னவருக்கு அமைப்பு இருந்தது, உடைமை இருக்கவில்லை. தமிழ்ப் பெண் சஞ்சிகை வரலாற்றின் அடிப்படைப் பிரச்சினை இந்தப் பிளவேயாகும்.

5

பிற்காலத்தில் இப்பிளவை இணைக்க முயன்ற முயற்சிகள் இலங்கையில் தோன்றின. கொழும்பிலிருந்து மூன்று மொழிகளில் வெளிவந்த பெண்கள் இயக்க இதழின் தமிழ் வடிவமான ‘பெண்ணின் குரல்’, பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ‘நிவேதினி’ ஆகியன அமைப்புகளின் உடைமையாய் வந்தவை. கோட்பாட்டு மொழியிற் பெண்நிலை நோக்கைத் தமிழிற் பேச அவை வழிவகுத்தன. ஆனால் ஆய்விதழின் மொழி லயத்து வீட்டின் மொழியாக இன்னும் ஆகவில்லை.

பேராதனை வளாகத்துக்கு மேலே எழும் ஹந்தானைச் சாரலில் கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்கூலி அவர்களுக்கு 1984இலேயே கிடைத்தது. நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் ஏற்றுமதிப் பண்டத்தை உற்பத்தி செய்தவர்கள், தம்மைப் பற்றிய எழுத்தின் பொருளாக மட்டுமே நீண்டகாலம் இருந்தனர். அவர்களைப் பற்றி இரங்கி எழுதப்பட்ட கவிதைகளும் கதைகளும் எம்மிடம் நிறையவே உள. அவர்களே சந்தா செலுத்தி, அவர்களே ஆசிரியர் குழுவைத் தெரிந்து, அவர்களே கணக்குக் கேட்கும் ஒரு சஞ்சிகை எத்தகையதாயிருக்கும் என்பதையே இனி எண்ணவேண்டும். சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா செலுத்திப் பழகிய ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று.

கோதைநாயகி அம்மாளின் நாவல்களை மீள வாசிக்குமாறு மாணவரைத் தூண்டுவது என் நோக்கங்களுள் ஒன்று. அக்கதைகளின் கலைத்தரம் பற்றி எனக்கு மயக்கமில்லை. ஆனால் எழுதக் கற்குமுன்னர் சொல்லி எழுதுவித்த ஒரு பெண், பிறகு அச்சகத்துக்கே உரியவரானார் என்பது தமிழிலக்கிய வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று. அதன் வெற்றியிலிருந்து உடைமையின் இன்றியமையாமையையும், அதன் முடிவிலிருந்து கூட்டுடைமையின் இன்றியமையாமையையும் நாம் ஒருசேரக் கற்கலாம். முதலாவது பாடத்தை அவர் தாமே நடத்திக் காட்டினார். இரண்டாவது பாடம் எம் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.