ஜூலை 1-க்குப் பிறகு ஸ்டேஷன் வாசலில்

2024 ஜூலை 1, நள்ளிரவு தாண்டிய நேரம். புதுடெல்லி ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் கீழே தண்ணீர் பாட்டிலும் குட்காவும் விற்றுக்கொண்டிருந்த ஒரு தெருவோர வியாபாரி மீது டெல்லி போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது. பொதுவழிக்கு இடையூறு, பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 285. காலனியச் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்ற முழக்கத்தோடு வந்த சட்டத்தின் முதல் வழக்கு நடைபாதை வியாபாரி மீதா என்று காலையிலேயே கேலி கிளம்பிவிட்டது. அன்றைக்கே உள்துறை அமைச்சர் அமித் ஷா விளக்கம் சொன்னார்: முதல் வழக்கு குவாலியரில் 12.10 மணிக்குப் பதிவான மோட்டார் சைக்கிள் திருட்டு. டெல்லி வழக்கைப் போலீஸ் மறுபரிசீலனை செய்து முடித்துவிட்டது. வியாபாரி தப்பினார். பழைய சட்டத்தின் 283-இல் 200 ரூபாயாக இருந்த இந்தக் குற்றத்தின் அபராதம் புதிய சட்டத்தில் 5,000 ரூபாய் வரை ஏறியிருப்பதை அந்தச் சலசலப்பில் பலர் கவனிக்கவில்லை.

1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872-இன் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்று மூன்று வந்திருக்கின்றன. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்ட 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இவை நிறைவேறின. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. பெரும்பகுதி வாசகங்கள் மெக்காலே காலத்தவைதான், எண் மட்டும் மாறியிருக்கிறது. கொலைக்கு 302 போய் 103 வந்தது. 420 இனி 318. ஊர்ப்பேச்சும் சினிமா வசனமும் இதைப் பழகிக்கொள்ள ஒரு தலைமுறையாவது ஆகும்.

பழைய வாசகங்கள் அப்படியே இருக்கட்டும். மாறிய கொஞ்ச இடங்களில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதே கேள்வி. பாதிக்கப்பட்டவருக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தரப்பட்டிருக்கும் நன்மைகளில் பல, ஆளும் பணமும் கருவியும் கேட்கின்றன. போலீஸுக்குக் கூடியிருக்கும் அதிகாரங்களுக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. ஒரு பேனா போதும். முதல் நாளே ஓடத் தொடங்கிவிடும். இந்தச் சட்டங்களின் பெரிய கோணல் இதுதான்.

நன்மைகளை முதலில் சொல்லிவிடலாம். எந்த எல்லையில் நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்ற ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ இப்போது சட்டத்திலேயே ஏறியிருக்கிறது. ஆன்லைனில் புகார் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சோதனையும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும், செல்போனில் எடுத்தாலும் சரி. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் ‘பறிமுதல் மகஜர்’ கதைகளைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்பதும் நல்ல விதியே. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

போலீஸுக்குத் தந்த அதிகாரங்களுக்கு இப்படி அவகாசம் எதுவும் குறிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் ஸ்டேஷனுக்குப் புகாரோடு போனவர்களுக்கு சி.எஸ்.ஆர். ரசீது பழக்கம். எஃப்.ஐ.ஆர். போடாமல் ஒரு மனு ரசீதைக் கையில் கொடுத்து, “கூப்பிடுறோம், போயிட்டு வாங்க” என்பார்கள். எதிர்த்தரப்பையும் வரவழைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு தந்தது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) அந்த விலக்கை அகலமாக்கியிருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாள் ‘முதல்கட்ட விசாரணை’ நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். சி.எஸ்.ஆர். தாமதத்துக்குச் சட்டக் குடை கிடைத்த மாதிரிதான். நம்பி ஒப்படைத்த சேமிப்பைப் பறிகொடுத்தவருக்கும், கணவன் வீட்டில் அடிபட்ட பெண்ணுக்கும் அந்தப் பதினான்கு நாள் நீண்ட காலம். சமரசத்துக்கு ஆள் அனுப்பவும் மிரட்டவும் எதிர்த்தரப்புக்கு அது தாராளமாகப் போதும்.

இதே பிரிவு வேறொரு இடத்தில் கேடயமாகவும் நின்றிருக்கிறது. ஒரு கவிதையைச் சமூக ஊடகத்தில் போட்டதற்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் தொடரப்பட்ட வழக்கை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் முதலில் 173(3)-இன்படி விசாரித்துப் பார்ப்பதே பொருத்தம் என்றும் சொன்னது. ஒரே விதி, எளிய புகார்தாரரை வாசலில் நிறுத்தவும் செய்யும், அவசர எஃப்.ஐ.ஆரைத் தடுக்கவும் செய்யும். டி.எஸ்.பி. எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

அடுத்தது கஸ்டடி. இந்தக் கட்டுரை அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான். கைதானவரைப் போலீஸ் காவலில் வைக்க மொத்தம் 15 நாள் என்பது பழைய கணக்கு. அதுவும் ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் என்று 1992-இன் அனுபம் குல்கர்னி தீர்ப்பு கோடு போட்டிருந்தது. அது முடிந்தால் நீதிமன்றக் காவல், அதாவது சிறை. போலீஸ் கையிலிருந்து ஆள் விடுபட்டுவிடுவார். 2023 ஆகஸ்டில் அன்றைய தமிழக அமைச்சர் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தக் கோட்டைக் கேள்வி கேட்டு, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. அந்தப் பதில் வருவதற்குள் நாடாளுமன்றம் முந்திக்கொண்டது. அதே சன்ஹிதாவின் பிரிவு 187-இன்படி, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாளில் எப்போது வேண்டுமானாலும் அந்த 15 நாளைத் துண்டு துண்டாகக் கேட்டுப் பெறலாம்.

நாள்கணக்கு கூடவில்லையே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. கணக்கு சரி. ஆனால் சிறையில் மூன்று வாரம் இருந்து, வக்கீலிடம் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லத் தொடங்கிய ஒருவர், மறுபடி அதே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப்படலாம் என்ற பயம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரும் போலீஸ் விசாரணைக்குப் பின் உயிரிழந்ததைப் பார்த்த மாநிலத்துக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. பின்னால் கஸ்டடி தேவைப்படலாம் என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கக் காரணமாகாது என்று பிரிவு 480-இல் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்ட் நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். ஏழைக் கைதிகளில் எத்தனை பேருக்கு அன்று பக்கத்தில் வக்கீல் இருப்பார்?

விசாரணைக் கைதிகளுக்குப் பெரிய சலுகை என்று விளம்பரப்படுத்தப்பட்டது பிரிவு 479. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்டனை பெறாதவர்கள் என்பதால் இதன் எடை பெரிது. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். முன்பு பாதி கழிய வேண்டியிருந்தது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்பது கூடுதல் நன்மை. 2024 ஜூலைக்கு முந்தைய கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உட்பிரிவு (2)-ஐப் படித்தால் முகம் மாறிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். இரவில் வீடு புகுந்து திருடினால் முன்பு ‘457, 380’ என்று ஜோடியாகவே எழுதுவார்கள். இன்றைக்கு 331(4), 305. ஒரே இரவு, ஒரே வீடு, இரண்டு குற்றங்கள். தெருச்சண்டை என்றால் ‘294(b), 323, 506(ii)’ வாய்ப்பாடு மாதிரி வரும். ஒரே பிரிவில் மட்டும் சிறைக்குப் போகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 436ஏ-யில் இந்தத் தடை கிடையாது. அதில் விலக்கப்பட்டிருந்தது மரண தண்டனைக் குற்றம் மட்டுமே. இப்போது ஆயுள் தண்டனைக் குற்றங்களும் விலக்கப்பட்டுவிட்டன. மூன்றில் ஒன்று என்ற கவர்ச்சிக்குள்ளே, பாதிக் காலம் கழித்தவர் முன்பு பெற்றிருந்த வழியும் பலருக்கு அடைபட்டிருக்கிறது. நீதிமன்றங்கள் இந்த வாசகத்தைக் கைதிக்குச் சாதகமாகக் குறுக்கி வாசித்தால்தான் உண்டு.

தேசத்துரோகப் பிரிவு 124ஏ நீக்கப்பட்டது என்ற அறிவிப்புக்கும் இதே கதி. அந்தச் சொல் போய்விட்டது. இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல் என்று நியாய சன்ஹிதாவில் பிரிவு 152 வந்திருக்கிறது. ஆயுள் இல்லாவிட்டால் மூன்றாண்டு வரை என்றிருந்தது ஏழாண்டு வரை என்றாகியிருக்கிறது. ஒரு சமூக ஊடகப் பதிவுக்காக 2025 மே மாதம் அசோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் ஹரியானா போலீஸாரால் கைதானபோது சுமத்தப்பட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று. உச்ச நீதிமன்றம் சில நாளில் இடைக்கால ஜாமீன் தந்தது.

கும்பல் கொலைக்குத் தனி உட்பிரிவு, சங்கிலிப் பறிப்புக்குத் தனிக் குற்றம், 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவை என்று வரவேற்கத்தக்கவை இன்னும் உண்டு. விடுபட்டவையும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 377 முழுவதும் நீங்கியதால், ஆணோ திருநரோ பாலியல் வன்முறைக்கு ஆளானால் பெண்ணுக்கு இருப்பதற்கு ஈடான பிரிவு தண்டனைச் சட்டத்தில் இல்லை. விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற 106(2) மட்டும் இன்னொரு ரகம். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள். விசாரணைக் கைதிகளுக்குச் சங்கம் இல்லை.

குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலம் திருத்தலாம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். தமிழக அரசு 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டுவதை மையமாகக் கொண்டது. கைதட்டல் கிடைக்கிற திருத்தம் அது. 187-இன் கஸ்டடிக் காலத்தைப் பழையபடி முதல் 15 நாளுக்குள் அடக்குவதும், 479(2)-இல் ‘ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்’ என்ற சொற்களை நீக்குவதும் இதே வழியில் செய்யக்கூடியவையே. அதற்குப் புதுக் கட்டடமோ ஆய்வகமோ தேவையில்லை.