வாசலில் 11 நொடி

செல்போனில் ஒரு சின்னச் செய்தி இறங்க ஒரு நொடிகூட வேண்டாம். செய்தி வந்ததும் வேலை முடிந்தது என்று நாம் போனைக் கீழே வைத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் ரேடியோவுக்கு வேலை முடிவதில்லை. டவரோடு பிடித்த இணைப்பை உடனே விடாமல் அது காத்துக்கிடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க 4ஜி வலையமைப்பு ஒன்றில் இந்தக் காத்திருப்பு 11 நொடிக்கு மேல் நீண்டது. துறைக்காரர்கள் இதை ‘வால்’ என்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது நம் வீட்டு வாசல்தான். “போயிட்டு வரேன்” என்று எழுந்த விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று பேசுவார். அதுவரை கதவைச் சாத்த முடியாது, வாசல் விளக்கையும் அணைக்க முடியாது. ரேடியோ தின்னும் பேட்டரியில் கணிசமான பங்கு இந்த வாசல் விளக்குக்கே போகிறது.

காத்திருப்புக்குக் காரணம் உண்டு. விட்ட இணைப்பை மறுபடி பிடிக்க, போனும் டவரும் பல சமிக்ஞைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். 3ஜி காலத்தில் சில போன்கள் பேட்டரியைக் காக்கத் தாமாகவே இணைப்பை வெட்டிக்கொண்டன. அவை மறுபடி மறுபடி வந்து கதவைத் தட்டியதில் வலையமைப்புகள் திணறின. அதற்குப் பிறகுதான், போன் கேட்கலாம், முடிவு வலையமைப்பினுடையது என்ற ஒழுங்கு தரநிலைக்குள் வந்தது. 2020-ல் நிறைவடைந்த 5ஜி தரநிலையின் 16-ஆம் வெளியீட்டில் அந்த ஒழுங்கு இன்னும் கனிந்திருக்கிறது. “இனி எனக்குத் தரவு வராது என்று நினைக்கிறேன், விட்டுவிடுங்களேன்” என்று போன் சொல்ல அங்கே இடம் இருக்கிறது.

தரவு இனி வராது என்று போனுக்கு எப்படித் தெரியும்? நீளமான கட்டுரையைத் திறந்தவர் சில நிமிஷம் அதையே படித்திருப்பார். வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு அடுத்த நொடியே தரவு வேண்டும். தரவு வந்துபோகும் நேரம் டவருக்கும் தெரியும். திரை அணைந்துவிட்டதா, எந்த ஆப் திறந்திருக்கிறது, விரல் ஓய்ந்ததா என்பதெல்லாம் போனுக்கு மட்டுமே தெரியும். நல்ல கணிப்புக்கான தடயம் அங்கேதான் கிடக்கிறது, மனிதரின் அந்தரங்கமும் அங்கேதான் கிடக்கிறது. இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் ஒருவர் எதைத் திறந்து பார்த்தார் என்பதை, பேட்டரி மிச்சமாகும் என்பதற்காக ஊராரிடம் ஒப்படைக்கலாமா?

இந்த முடிச்சை அவிழ்க்கப் பொருத்தமான விரல் என்று நான் நினைப்பது கூட்டுக் கற்றல். கூகுளைச் சேர்ந்த பிரெண்டன் மெக்மஹனும் கூட்டாளிகளும் 2016-ல் முன்வைத்த முறை அது. தரவு பாடசாலைக்குப் போவதில்லை, பாடமே போனுக்கு வருகிறது. கணிப்பைச் செய்யும் மாடலை இறக்கிக்கொண்ட போன், தன் பழக்கங்களை வைத்துத் தனக்குள்ளேயே அதைத் திருத்துகிறது. திருத்தத்தை மட்டும் மேலே அனுப்புகிறது. பல போன்களின் திருத்தங்களைச் சராசரி எடுத்தால் புது மாடல். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் ஓடாமல், பலவற்றை உள்ளேயே செய்து முடித்து ஒரே தடவை அனுப்புவதால், தொடர்புச் சுற்றுகள் 10 முதல் 100 மடங்குவரை குறைந்தன. வாயைக் கட்டியதில் வயிறும் நிறைந்த மாதிரி, ரகசியம் காக்கும் அதே அடக்கம் ரேடியோவின் உழைப்பையும் குறைக்கிறது. 2017-ல் கூகுள் விசைப்பலகையில் இதைச் சோதித்தபோது வைத்த நிபந்தனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை: போன் சும்மா இருக்க வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும். பேட்டரியைக் காக்கக் கற்கும் பாடத்துக்கும் இதே நிபந்தனைகள்தான் பொருந்தும். படிப்பதற்காக அந்தப் பேட்டரியையே தின்னக் கூடாதே.

திருத்தமும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கக் கூடும். இங்கேதான் எல்லாவற்றிலும் அழகான இடம் வருகிறது. மூன்று போன்களின் திருத்தங்கள் 5, 8, 4 என்ற எண்கள் என்று வையுங்கள். முதலும் இரண்டாவதும் தங்களுக்குள் 37 என்று பேசிக்கொள்கின்றன, முதலும் மூன்றாவதும் 12, இரண்டாவதும் மூன்றாவதும் 20. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அதைக் கூட்டும், மற்றது கழிக்கும். முதல் போன் 54 என்று அனுப்புகிறது. இரண்டாவது −9. மூன்றாவது −28. எந்த எண்ணைப் பார்த்தும் யாருடைய உண்மையும் தெரியாது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 17. ஐந்தும் எட்டும் நாலும் அதேதான்! முகமூடிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கூட்டுத்தொகை மட்டும் கரைசேர்கிறது. முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று மறுபடி மறுபடி வேறு எண்களை வைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

2017-ல் கீத் போனவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட வடிவம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. நடுவில் ஒரு போனின் சிக்னல் அறுந்தால் அதன் முகமூடிகள் அழியாமல் நிற்குமே? அதற்காக, முகமூடியின் சாவியை முன்னதாகவே துண்டுகளாக்கி மற்றப் போன்களிடம் கொடுத்துவைக்கிறார்கள். அடி ஷமீர் 1979-ல் சொன்ன உத்தி இது: போதிய துண்டுகள் சேர்ந்தால் சாவி, ஒன்று குறைந்தாலும் ஒன்றுமில்லை. சரி, சர்வரே பொய் சொன்னால்? எண் வந்து சேர்ந்த பிறகும் “அந்தப் போனைக் காணோம்” என்று சாவியைக் கேட்டு வாங்கிவிட்டால்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு போனும் தனக்கென்று இரண்டாவது முகமூடி ஒன்றையும் போட்டுக்கொள்கிறது. வந்து சேர்ந்த போனுக்கு இரண்டாவது முகமூடியின் துண்டுகள், காணாமல்போன போனுக்கு ஜோடி முகமூடியின் துண்டுகள். ஒரே போனுக்கு இரண்டையும் தர மற்றவை சம்மதிக்காது. சந்தேகத்தை இவ்வளவு பக்குவமாக வடிவமைத்த கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

சராசரியிலிருந்தும் ஆளை மோப்பம் பிடிக்க வாய்ப்புண்டு என்பதால், அளந்து இரைச்சல் கலக்கும் வேறொரு கலையும் இதோடு சேர்வதுண்டு. அந்த இரைச்சல் கூடிப்போய்க் கணிப்பு தப்பினாலோ, இணைப்பை மறுபடி பிடிக்கும் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். ஆகவே கணக்காகப் பழக வேண்டிய வித்தை இது.

இத்தனை கற்ற பிறகு போன் டவரிடம் சொல்லப்போவது என்ன? விட்டுவிடுங்களேன் என்று கேட்கும் அந்த 5ஜி விருப்பச் செய்தியில் தேர்ந்தெடுக்க நான்கே சொற்கள். ஓய்வு நிலை, அரை ஓய்வு நிலை, இணைப்பிலேயே இருக்கிறேன் என்பது மூன்று. நாலாவதுதான் என்னைக் கவர்ந்தது: இணைப்பிலிருந்து வெளியே வந்தால் போதும், எந்த ஓய்வு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. கேட்டதையே கேட்டு நச்சரிக்காமல் இருக்க, அடுத்த தடவை கேட்பதற்குள் இவ்வளவு நேரம் பொறு என்று ஒரு கடிகாரமும் வைத்திருக்கிறார்கள். ஏன் ஓய்வு வேண்டும் என்று எழுத அந்தச் செய்தியில் இடமே விடவில்லை.