இங்கிலீஷைக் காதால் ரசிப்பது எப்படி?

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு! எல்லாம் பேசக் கற்றுத் தருகின்றன. கேட்கக் கற்றுத் தர ஆளில்லை. நம்மவர்களும் 'ஷிப்', 'ஷீப்' என்றாலே பரீட்சை பயத்தில் ஓடுகிறார்கள். குறில், நெடில் என்று சின்ன வகுப்பிலேயே படித்த ஜனம் ஓடலாமா?

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. இங்கிலீஷில் நீளம் மட்டும் போதாது, நாக்கும் இடம் மாறும்: 'ஷீப்'புக்கு மேலே ஏறி விறைக்கும், 'ஷிப்'புக்குக் கொஞ்சம் இறங்கித் தளரும். டேனியல் ஜோன்ஸ் 1917இல் போட்ட உச்சரிப்பு அகராதியில் இரண்டுக்கும் ஒரே குறிதான். நெடில் என்றால் பக்கத்தில் இரண்டு புள்ளி. அந்த அகராதியைப் பின்னால் திருத்திய கிம்சன் 1977 பதிப்பில்தான் தனித்தனிக் குறி கொடுத்தார். அடிப்படை முடிந்தது.

இப்போதைய மோகம், எழுத்தை ஒலியோடு சேர்த்துச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ். குத்துகிற 'பின்' குறிலாம், மரமான 'பைன்' அதற்கு நெடிலாம். இகரத்துக்கு நெடில் ஐகாரம் என்று நம் தமிழாசிரியரிடம் சொன்னால் காதைத் திருகுவார். 'பைன்' பழைய இங்கிலீஷ்காரர் வாயில் ஏறக்குறைய 'பீன' என்றுதான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டு முதல் நெடில்களெல்லாம் இடம்பெயர்ந்தன; ஸ்பெல்லிங் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் பாட்டுப் பாடவைப்பது வெறும் மேல்பூச்சு.

சரி, உண்மையான ருசிக்கு வாருங்கள். தோற்கடிப்பதும் 'பீட்', பாசிமணியும் 'பீட்'. இரண்டிலும் ஒரே ஈகாரம். ஆனால் கேளுங்கள்: முதலாவது வெடுக்கென்று நறுக்கப்படும், மணி நிதானமாக இழுபடும். வெட்டுவது பின்னால் வரும் மெய். தொண்டை அதிராத வல்லொலி வந்தால் உயிர் சுருங்கும். அதிர்கிற ஒலி வந்தால் நீளும். ஏலம் கேட்கிற 'பிட்' பெயருக்குக் குறில்தான். ஆனாலும் அந்த நறுக்கின 'பீட்'டோடு நீளத்தில் தோளுரசி நிற்கும்! 'ரைட்' என்று கண்டக்டர் கத்துவதையும், சவாரிக்குச் சொல்கிற 'ரைட்'டையும் இங்கிலீஷ்காரர் வாயில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், அதே கூத்து.

இது நமக்கு அந்நியமா? 'பசு', 'காசு' சொல்லிப் பாருங்கள். பசுவின் உகரம் முழுசாக ஒரு மாத்திரை, காசில் அரை; அதுதான் குற்றியலுகரம். முன்னால் நிற்பது தனிக்குறிலா இல்லையா என்பதுதான் கணக்கு. அக்கம்பக்கம் பார்த்து உயிர் சுருங்கும் என்று தொல்காப்பியர் எப்போதோ எழுதிவைத்தார். நாம் குற்றியலுகரத்தை இரண்டு மார்க் கேள்வியாக்கி மறந்துவிட்டோம். இந்தக் காதை வீட்டில் வைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றிப் பேசுவதுதான் அழகு என்று மேதாவிகள் சொல்வதை நம்புகிறோம்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: இந்த ருசி பிடித்துவிட்டால் இங்கிலீஷ் நியூஸ் உருப்படியாகக் கேட்க முடியாது. யார் ஜெயித்தார் என்பது காதில் விழாது. அந்த 'பீட்' எவ்வளவு நறுக்கென்று விழுந்தது என்பதுதான் விழும். பரவாயில்லை, ஸ்கோரைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.