நான்கு தொடக்கங்கள்

திரை விலகுமுன் கூட்டத்தை அடக்கும் வாத்திய முழக்கம்தான் ஓவர்ச்சர் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். சினிமாவின் டைட்டில் இசையை அதற்கு இணை சொல்வதும் இதனால்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ரொஸ்ஸினி 1813இல் ‘அவுரேலியானோ’ ஆபராவுக்கு எழுதிய ஓவர்ச்சரைச் சிறு மாற்றங்களுடன் 1815இல் ‘எலிஸபெத்தா’வுக்கு வைத்தார். 1816இல் ‘செவில் நகரத்து நாவித’னுக்கும் அதுவே. முதலிரண்டும் அரச கதைகள், மூன்றாவது ஹாஸ்யம். எதுவும் கெட்டுவிடவில்லை. எதற்கும் உரியதாகாத தொடக்கம் எதற்கும் பொருந்தும்.

பீத்தோவன் எழுதிய ஆபரா ஒன்றுதான். அதற்கு நான்கு ஓவர்ச்சர்கள். சிறையில் கொல்லப்படவிருக்கும் கணவனை மனைவி காப்பாற்றும் கதை. மீட்பை அறிவிக்கும் டிரம்பெட் மேடைக்கு வெளியிலிருந்து ஒலிக்கும். 1806இல் வாசிக்கப்பட்ட மூன்றாவது லியோனோரா ஓவர்ச்சரில், திரை விலகுமுன்பே, அது ஒலித்துவிடுகிறது. சுமார் 14 நிமிஷங்களில் இருளும் விடுதலையும் நிகழ்ந்து முடிகின்றன. பிறகு நாடகம் எதற்கு? 1814இல் ஆபராவைத் திருத்தியபோது அதை விலக்கி, சிறியதாக வேறொன்று எழுதினார். விலக்கப்பட்டதுதான் மேலான இசை. இந்த விலக்கலையே நான் விமர்சனம் என்பேன்.

தொடக்கம் படைப்புக்கு உரியதாக இருக்கவேண்டும். படைப்பை விழுங்கிவிடவும் கூடாது. டைட்டில் இசையிடம் கேட்கவேண்டியதும் இதுதான்: வேறு படத்தில் வைத்தால் என்ன கெடும்?

மேற்கத்திய இசை நமக்குப் பெயர்த்தெடுக்கும் மெட்டாகவே அறிமுகமாயிற்று. நான் குடியிருக்கும் மாதவரத்துக்கு அடுத்த மணலியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய பாண்டை அவர்கள் கேட்டார்கள். பாலுஸ்வாமி வயலின் கற்றார். முத்துஸ்வாமி அந்த மெட்டுகளில் ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்தார், அவையே நோட்டுஸ்வரங்கள். ஆங்கில அரச வாழ்த்து ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. துணிச்சலான காரியம்தான். ஆனால் வந்து சேர்ந்தது மெட்டு. தொடக்கத்துக்கும் தொடர்வதற்கும் உள்ள பொறுப்பு வரவில்லை.

நம் கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகள் பெரும்பாலும் ரொஸ்ஸினி வகை; எந்தப் புத்தகத்துக்கு மாற்றினாலும் பொருந்தும். கவிதை செய்யவேண்டியதைத் தாமே செய்து தீர்த்துவிடும் முன்னுரைகளும் சில உண்டு. இவற்றை விலக்குவதுதான் கடினம், நன்றாக எழுதப்பட்டிருப்பதால்.