தண்ணீர் ஊற்றியவனின் கை

அரிஸ்டாட்டில் நாலுகாலில் நிற்கிறார். முதுகில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையால் அவருடைய முடியைப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கை அவருடைய பின்புறத்தில். தர்க்கத்தின் தகப்பன், ஆண் பெண்ணை ஆள்வது இயற்கை என்று எழுதி வைத்தவர், சவாரிக் கழுதையாகிக் கிடக்கிறார். ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான உயரம். செம்புக் கலவையில் வார்த்தது, உள்ளே வெற்றிடம். 14-ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தென் நெதர்லாந்துப் பகுதியில் செய்திருக்கிறார்கள். இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான்.

இந்தப் படத்தைக் காட்டினால் நம் நண்பர்களுக்கு உடனே பக்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. தலைகீழாக்கம், திருவிழாச் சிரிப்பு, மையம் மண்டியிடுகிறது, விளிம்பு மேலேறிச் சவாரி போகிறது. எல்லாம் தயாராக இருக்கு, எடுத்து ஒட்ட வேண்டியதுதான். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். பிறகு ஒரு சின்ன விஷயம் இடித்தது. இது மேடையில் வைத்துப் பார்க்கச் செய்த சிலை இல்லை. தண்ணீர்ப் பாத்திரம். சாப்பாட்டு மேசையில் கை கழுவுவதற்காகச் செய்தது. அப்படியானால் இதைத் தூக்கி ஊற்றியது யார்? யார் கையில் ஊற்றினார்கள்? இந்த இரண்டையும் கேட்காமல் சிரிப்பின் அரசியலைப் பேசுவது எனக்குக் கொஞ்சம் மோசடியாகப் படுகிறது.

இந்த வகைப் பாத்திரங்களுக்கு 'அக்வாமனிலே' என்று பெயர். இலத்தீனில் 'அக்வா' தண்ணீர், 'மானுஸ்' கை. 12-இலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மன் பகுதிகளிலும் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இவற்றை வார்த்தார்கள். இன்று மிஞ்சியிருக்கும் உலோகப் பாத்திரங்கள் முந்நூறுக்கு மேல். சிங்கம்தான் அதிகம். அப்புறம் குதிரை, குதிரைவீரன், ஒற்றைக்கொம்பன், கழுகுத்தலைச் சிங்கம், டிராகன் என்று போகும். பெரும்பாலும் தலையில் சின்ன மூடி, அதைத் திறந்து தண்ணீர் நிரப்ப வேண்டும். வாய் வழியாகவோ மார்பில் வைத்த குழாய் வழியாகவோ வெளியே வரும். முதுகில் கைப்பிடி; பல பாத்திரங்களில் அந்தக் கைப்பிடியே வளைந்து நிற்கும் ஒரு குட்டி டிராகன். உலோகத்துக்கு வசதியில்லாதவர்கள் சுட்ட மண்ணிலும் செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் மண் ஆட்டுக்கடாக்கள் கிடைத்திருக்கின்றன.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இடைக்கால ஏடுகளில் இந்தச் சொல் பெரும்பாலும் கீழே ஏந்துகிற தட்டத்தைத்தான் குறித்திருக்கிறது. பின்னால் வந்த கலை வரலாற்றுக்காரர்கள் அந்தப் பெயரைத் தூக்கி விலங்குக்குச் சூட்டிவிட்டார்கள். தட்டம் பெயரிழந்தது. தட்டம் ஏந்தியவனுக்கு முதலிலிருந்தே பெயர் கிடையாது.

மேசைக்கு வருவோம். முள்கரண்டி பரவாத காலம். பொதுத் தட்டிலிருந்து பலரும் கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சுத்தம் செய்துகொள்வதை மற்றவர்கள் பார்க்க வேண்டும். ஒருவன் கெண்டியைச் சாய்க்க, ஒருவன் தட்டம் ஏந்த, ஒருவன் துவாலையோடு நிற்க, அந்தஸ்தில் உயர்ந்தவர் முதலில் கை நீட்டுவார், மற்றவர்கள் அடுத்தடுத்து. யாருக்குப் பின் யார் என்பதில்தான் விஷயமே இருந்தது. நோர்பர்ட் எலியாஸ் 1939-இல் வெளியிட்ட நூலில் இந்த மேசை ஒழுக்கங்களை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்த கட்டுப்பாடு எப்படி உடம்பின் கூச்சமாகவே மாறிப்போனது என்று காட்டினார். ஆனால் அவருடைய கவனம் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான். நின்றுகொண்டிருப்பவன் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்த் தீண்டாமையைக் கொண்டுபோய் அப்படியே பொருத்தக் கை பரபரக்கும். வேண்டாம். இந்தச் சடங்கில் ஊற்றுகிறவன் தொட்டால் தீட்டு என்பதில்லை. அரசனின் விருந்தில் கைநீர் வார்ப்பது பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெருமை. அதற்குப் போட்டிகூட உண்டு. சரி, அப்போ இது வெறும் மரியாதைதானா? அதுவும் இல்லை. அதிகாரம் அடித்து மட்டும் வேலை வாங்குவதில்லை, பெருமை கொடுத்தும் வாங்கும். அரண்மனையில் பிரபு மகனுக்குப் பெருமையாக இருந்த அதே குனிதல், ஒரு பணக்கார வணிகன் வீட்டில் வேலைக்காரப் பையனுக்கு வெறும் வேலை. பாத்திரம் ஒன்றுதான், சைகை ஒன்றுதான். யாருடைய முதுகு குனிகிறது என்பதில் அர்த்தம் மாறிவிடுகிறது.

கோவில் பக்கமும் இதே தண்ணீர்தான். திருப்பலியில் காணிக்கைக்குப் பிறகு குரு கை கழுவுவார். மாசில்லாதவனாகக் கை கழுவுகிறேன் என்று சொல்லும் சங்கீதம் ஒன்றை அப்போது ஓதுவது வழக்கமாக இருந்தது. கையின் அழுக்கிலிருந்து மனத்தின் அழுக்குக்கு ஒரே தாவல். ஆனால் அதே விவிலியத்தில் இன்னொரு கைகழுவலும் உண்டு. மத்தேயு நற்செய்தியில் பிலாத்து, இந்த ரத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்று கூட்டத்தின் முன் கை கழுவுகிறான். தமிழில் 'கைகழுவி விட்டான்' என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்சிகள் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இடைக்கால ஓவியங்களில் பிலாத்து கை கழுவும் காட்சியைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பணியாள் கெண்டியோடு நிற்பான். தீர்ப்பு சொல்லாதவன், தண்டனை கொடுக்காதவன். தண்ணீர் மட்டும் ஊற்றியவன். அவன் கை அந்த ரத்தத்தில் எங்கே நிற்கிறது என்று எந்த இறையியலாளரும் தலையை உடைத்துக்கொண்டதாக நான் படித்ததில்லை.

இனி வார்த்தவன். முதலில் களிமண்ணில் ஒரு கட்டை உருவம், உள்ளே இரும்புக் கம்பி தாங்கும். அதன்மேல் மெழுகைப் பூசி, மெழுகில் பிடரியையும் கண்ணையும் செதுக்க வேண்டும். அதற்கு மேல் மறுபடி மண். சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உலோகம் போகும். ஆறிய பிறகு உள்ளே இருக்கும் மண் கட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுவாமிமலையில் செய்வதும் மெழுகு வார்ப்புதான், ஆனால் அங்கே உருவம் உள்ளே கெட்டியாக இருக்கும். தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பதால் இவர்களுக்கு உட்கூடு தேவைப்பட்டது. (உடனே 'எல்லாம் இங்கேயிருந்துதான் போச்சு' என்று கிளம்பாதீர்கள். மெழுகு வார்ப்பு பல நாடுகளில் மிகப் பழைய காலத்திலிருந்தே இருப்பது.) உலோகச் சுவரின் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். உள்கட்டை கொஞ்சம் நகர்ந்தாலும் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் ஓட்டையாகிவிடும். 2006-இல் இந்தப் பாத்திரங்களுக்கென்றே நியூயார்க்கில் ஒரு கண்காட்சி நடந்தது. அதையொட்டி உலோகத்தையும் ஊடுகதிர்ப் படங்களையும் வைத்து இவற்றைச் செய்த முறையை ஆராய்ந்தார்கள். வெளியே கம்பீரமாக நிற்கிற சிங்கத்தின் உடம்பில் ஓட்டை அடைத்த ஒட்டுகள் இருக்கின்றன. எனக்கு அந்த ஒட்டுகள் சிங்கத்தைவிடப் பிடித்திருக்கின்றன. வார்ப்புக்காரனின் பதற்றமும் சமாளிப்பும் நமக்குக் கிடைக்கிற ஒரே இடம் அது.

ஏனென்றால் பெயர் கிடைக்காது. ஹில்டெஸ்ஹைம் நகரம் இந்த வார்ப்புக்குப் பேர்போனது. அங்குள்ள பேராலயத்தின் வெண்கலக் கதவில் 1015 என்ற ஆண்டும் ஆயர் பெர்ன்வார்டின் பெயரும் பொறித்திருக்கிறது. வார்த்தவன் பெயர் இல்லை. பின்னால் வந்த சிங்கங்களுக்கும் அதே கதி. பாணியை வைத்து 'இது ஹில்டெஸ்ஹைம் பட்டறை', 'இது நியூரம்பர்க்' என்று ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிராக ஒன்று. இன்று ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாத்திரம், 1206-ஆம் ஆண்டு வார்த்தது. திமில் உள்ள பசு, அதன் மடியில் பால் குடிக்கும் கன்று, பசுவின் முதுகில் பாய்ந்து கடிக்கும் சிறு சிங்கம். பசுவும் கன்றும் சிங்கமும் ஒரே வார்ப்பில் வந்தவை என்று பாத்திரத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. செய்தவன் அலி இப்ன் முகம்மது, அவன் பெயரும் இருக்கிறது. 'ஒரே வார்ப்பு' என்பதைச் சொல்லிக்கொள்வதில் இருக்கிற கெத்தைக் கவனியுங்கள். அது தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனுக்குச் சொல்வது. அதே அருங்காட்சியகத்தில், 8-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பறவை வடிவப் பாத்திரம் ஒன்றில் சுலைமான் என்ற பெயர் இருக்கிறது. பாரிஸின் லூவரில் ஸ்பெயினிலிருந்து வந்த மயில் ஒன்று: அரபியில் 'அப்துல் மாலிக் எனும் கிறிஸ்தவன்' செய்தது என்றும், இலத்தீனில் சாலமோனின் வேலை என்றும் இரண்டு மொழியில் எழுத்து. மொழியும் மதமும் எப்படிக் குழம்பிக் கிடக்கின்றன பாருங்கள்.

ஐரோப்பியச் சிங்கங்களுக்கு முன்னோடி இந்த இஸ்லாமிய விலங்குகள்தான் என்பது இன்று ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கிற கருத்து. சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், எதிரியின் கலைவடிவத்திலிருந்து தண்ணீர் விட்டுத்தான் குருமார்கள் கையைப் புனிதமாக்கிக்கொண்டார்கள். இதற்காக அங்கே கைவினைஞன் சுதந்திரமாக இருந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பசுவின் மேல் செய்வித்த பிரபுவின் பெயரும் வம்சத்தோடு இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஹில்டெஸ்ஹைம் கதவில் அதுகூட இல்லையே.

மெட்ரோபாலிடனிலேயே இன்னொரு பாத்திரம் உண்டு. வடஜெர்மனி, ஏறக்குறைய 1200. முன்கால்களையும் சிறகு நுனிகளையும் ஊன்றி நிற்கும் டிராகன். வால்பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீர் நிரப்ப வேண்டும். டிராகனின் பற்களுக்கு நடுவில் முக்காடிட்ட ஒரு மனிதன் மாட்டியிருக்கிறான். தண்ணீர் வெளியே வருவது அவன் வழியாக. விழுங்கப்படுகிற மனிதன்தான் குழாய். நரகத்தின் வாய், பாவியின் முடிவு, யோனா என்று எத்தனையோ விளக்கம் சொல்லலாம், சொல்லட்டும். கை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது? விழுங்கப்படுகிற ஒருவனின் உடம்பு வழியாக வரும் தண்ணீரில் தன் விரல்கள் சுத்தமாகின்றன. இதைச் செய்தவன் யாரென்று தெரியாது. கிண்டலாகச் செய்தானா, பக்தியாகச் செய்தானா, அதுவும் தெரியாது. ஆனால் உழைப்பையும் சுத்தத்தையும் பற்றி இவ்வளவு நேரடியான ஒரு பிரதியை நான் கோட்பாட்டு நூல்களில் பார்த்ததில்லை.

இப்போது அரிஸ்டாட்டிலிடம் திரும்பலாம். கதை இதுதான். இளவயது அலெக்சாண்டர், பிலிஸ் என்ற பெண்ணிடம் மயங்கி அரச காரியத்தை மறந்தான். ஆசிரியர் கண்டித்தார், அவன் விலகினான். பிலிஸ் பழிவாங்கக் கிளம்பினாள். அரிஸ்டாட்டிலையே மயக்கி, ஒரு தடவை முதுகில் ஏற்றிச் சவாரி விடச் சொன்னாள். அலெக்சாண்டர் பார்த்துக்கொண்டிருந்தான். பழங்கால கிரேக்கத்தில் இந்தக் கதை கிடையாது. 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியது, அரபியில் ஓர் அமைச்சரை வைத்து முன்னதாகவே இருந்தது. பாரிஸில் 1210-இலும் 1215-இலும் அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவத்தைப் பாடம் சொல்லத் தடை போட்டார்கள். 1255-இல் அவர் நூல்கள் அங்கே கட்டாயப் பாடமாகிவிட்டன. அவர் பல்கலைக்கழகத்தில் ஏறிய நூற்றாண்டில்தான் கதையில் பிலிஸ் அவர்மேல் ஏறுகிறாள். இதில் சிரிப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

ஆனால் கதை எங்கே முடிகிறது? மாட்டிக்கொண்ட அரிஸ்டாட்டில் எழுந்து, கிழவன் என்னையே இப்படி ஆக்குகிறாள் என்றால் இளைஞன் நீ எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். ஆசிரியர் நாற்காலி பத்திரம். பிரசங்கிகள் இதை ஆசையாய் எடுத்துச் சொன்னதற்குக் காரணம் அந்த முடிவு. பிலிஸ் வென்றவளாக இல்லாமல், பெண் ஆபத்து என்பதற்குச் சாட்சியமாக ஆகிப்போகிறாள். அவளுடைய காதல் ஒரு கட்டளையில் பறிபோனதை யாரும் பேசுவதில்லை.

அடுத்தது இன்னும் சிக்கல். அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்று 'அரசியல்' நூலில் விளக்கியவர் அரிஸ்டாட்டில். அந்த நூல் 13-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு வந்துவிட்டது. இங்கே அவரே உயிரில்லாத கருவியாகி மேசையில் நிற்கிறார். பக்தின் அன்பர்கள் கைதட்டலாம். ஆனால் அடுக்கை முழுசாகப் பாருங்கள்: மேலே பிலிஸ், அவளுக்குக் கீழே அரிஸ்டாட்டில், அவருக்கும் கீழே பாத்திரத்தைத் தாங்குகிற ஒரு கை. தலைகீழாக்கம் இரண்டு படிகளுக்குள்தான் நடந்தது. மூன்றாவது படி அசையவில்லை. விருந்தாளிகள் படித்தவர்கள், கதை தெரிந்தவர்கள். தங்கள் குருவையே கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டு கை நீட்டுகிறார்கள். ஊற்றுகிறவன் சிரித்தானா? சிரிக்க அவனுக்கு அனுமதி உண்டா? சிரித்திருந்தால் யாரைப் பார்த்து? அதிகாரம் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற இடத்தில் நாம் கலகத்தைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினால், அந்த விருந்தில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்றுதான் அர்த்தம். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேசையில் பெண்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் வேறு மாதிரிச் சிரித்திருக்கலாமே என்று ஒரு தோழி கேட்டார். சரியான கேள்வி. பாத்திரத்துக்குப் பிரசங்கியின் முடிவு கிடையாது. அதில் பிலிஸ் இறங்குவதே இல்லை, அறுநூறு வருஷமாய் ஏறியபடியே இருக்கிறாள். அந்த அளவுக்கு உலோகம் கதையை மீறுகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது படியைப் பற்றி நான் சொன்னதை அது மாற்றவில்லை.

இந்த அரிஸ்டாட்டில் அருங்காட்சியகத்துக்கு வந்தது 1975-இல், ராபர்ட் லேமன் என்ற வங்கியாளரின் சேகரிப்பு வழியாக. அதே லேமன் பெயர் கொண்ட வங்கி 2008-இல் திவாலானது. உலகம் பூராவும் யார் யார் கை கழுவினார்கள் என்பது வேறு கட்டுரை. பாத்திரங்களில் எத்தனையோ உருக்கப்பட்டு வேறு சாமானாகிவிட்டன. 19-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர் மோகம் பெருகியபோது புதிதாக வார்த்த நகல்களும் வந்து கலந்தன. கண்ணாடிக்குள் விலங்கு மட்டும் தனியாக நிற்கிறது. கூட இருந்த தட்டம் இல்லை, துவாலை இல்லை. அந்த முக்காட்டு மனிதனைக் கடித்திருக்கும் டிராகனுக்கு வால்பக்கத்து மூடியும் இல்லை. கீல் வைத்த சின்ன மூடி. தண்ணீர் நிரப்ப ஒவ்வொரு வேளையும் அதைத் திறந்து திறந்து மூடியிருப்பான் ஒருத்தன்.