வேலைக்கு முன்னே வரும் முத்திரை

நெட்வொர்க், கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் படிப்புக்குச் சொல்லப்படும் நியாயங்களில் வலுவானது, அது சிற்றூர் மாணவரின் ஏணி என்பது. கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து பேருந்து ஏறிப் போய், திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.இ.யோ பி.சி.ஏ.வோ முடித்தவருக்குச் சென்னையிலும் பெங்களூருவிலும் சிபாரிசுக்கு ஆள் கிடையாது. சிசிஎன்ஏ, செக்யூரிட்டி பிளஸ், சிஇஹெச் என்று ரெஸ்யூமேயில் இரண்டு வரி ஏறிவிட்டால் அந்தக் குறை அடைபட்டுவிடும் என்கிறார்கள். பயிற்சி மையத்தின் பேனரும் பிளேஸ்மென்ட் பேச்சும் இதையே சொல்கின்றன. இந்த வாதம் பாதி உண்மை. மீதிப் பாதிதான் மாணவரின் காசையும் காலத்தையும் தின்கிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சான்றிதழின் பாடத்திட்டம், தனியாகப் படிப்பவருக்கு ஒரு வரிசையைத் தருகிறது. ஐபி முகவரி, சப்நெட், ரவுட்டிங், ஃபயர்வால் என்று எதற்குப் பின் எது என்பதை யாரும் சொல்லித் தராத இடத்தில் அதுவே ஆசிரியர். குவியும் விண்ணப்பங்களை வடிகட்டுபவர்கள் சான்றிதழின் பெயரைத் தேடுவதும் உண்மை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் வெளியிட்ட கையேட்டிலேயே தன் கணினிப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் செலவில்லாத வழிகளும் உண்டு. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சியை இலவசமாகக் கொண்டுவந்தது. ஐஐடி சென்னையின் பங்களிப்போடு நடக்கும் என்பிடெல் பாடங்களைக் காசு கட்டாமல் படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய்.

குறை வேறிடத்தில் இருக்கிறது: வரிசை தலைகீழாகிவிட்டது. துறையில் பெரிதும் மதிக்கப்படும் சான்றிதழ்கள், ஏற்கெனவே வேலை பார்ப்பவருக்குச் சாட்சி சொல்ல வந்தவை. 1994-இல் தொடங்கிய சிஐஎஸ்எஸ்பி, தன் 8 பிரிவுகளில் இரண்டிலாவது 5 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. அனுபவம் இல்லாதவர் தேர்வில் தேறினாலும் ‘அசோசியேட்’ என்ற பெயரோடு காத்திருக்க வேண்டும். தணிக்கையாளருக்கான சிஐஎஸ்ஏவும் 5 ஆண்டு அனுபவத்தைக் கேட்கிறது. அங்கே தேர்வு, செய்த வேலையின் மேல் குத்தப்படும் முத்திரை. நம் ஊரில் பரவியிருக்கும் பழக்கம், வேலை எதையும் தொடாத கையில் முத்திரையைக் கொடுத்து அனுப்புகிறது.

அந்த முத்திரையைத் தரும் தேர்வு எதை அளக்கிறது என்று பார்த்தால் சிக்கல் தெளியும். சிஇஹெச் தேர்வு 125 கேள்விகள், 4 மணி நேரம். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. செக்யூரிட்டி பிளஸ் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். அதில் செய்து காட்டும் கேள்விகள் சில உண்டு. பெரும்பகுதி விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். இப்படிப்பட்ட தேர்வில் சரியான விடை முன்கூட்டியே திரையில் இருக்கிறது. அடையாளம் கண்டால் போதும்.

வேலையில் விடை திரையில் இருப்பதில்லை. பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணியில் இருப்பவர் முன், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் பெயரில் வெளிநாட்டிலிருந்து லாகின் நடந்ததாக எச்சரிக்கை வருகிறது. அவர் விபிஎன் போட்டிருக்கிறாரா, கடவுச்சொல் திருடுபோயிற்றா, கருவி தவறாகக் கத்துகிறதா என்பதைப் பதிவேடுகளைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதி பதிவேடு அழிந்திருக்கும், மீதி வேறு நேர மண்டலத்தில் இருக்கும். ஊடுருவல்தான் என்று தெரிந்தால், இந்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். எப்போது, எந்தக் கணினியில், என்ன நடந்தது என்று பிறருக்குப் புரியும்படி எழுத வேண்டும். தேடுவது, சந்தேகப்படுவது, எழுதுவது ஆகிய மூன்றையும் நான்கு விடைகளுக்குள் அடைக்க முடியாது. இவற்றை அளக்க முயலும் தேர்வுகளும் இல்லாமல் இல்லை. ஓஎஸ்சிபி தேர்வில் 23 மணி 45 நிமிடம் ஆய்வகக் கணினிகளுக்குள் நுழைந்து காட்டிவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதித் தர வேண்டும். அதற்குப் பயிற்சியோடு சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். கூட்டம் அந்தப் பக்கம் போவதில்லை.

விடையை அடையாளம் காணும் தேர்வுக்குக் குறுக்குவழி தானாகவே முளைக்கும். அதன் பெயர் டம்ப். முன்பு எழுதியவர்கள் நினைவிலிருந்து கொட்டிய கேள்விகள் பிடிஎஃப் கோப்பாகக் கைமாறுகின்றன. கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வு எழுதுகிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். ஆனாலும் டம்ப் ஓயவில்லை, ஏனெனில் மனப்பாடம் பலிக்கும் தேர்வில் மனப்பாடம் செய்பவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. இது புதிய நோயும் அல்ல. 1990-களின் இறுதியில் மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஈ மோகம் உச்சத்தில் இருந்தபோதே, சர்வரைத் தொட்டறியாமல் தேர்வில் தேறியவர்களுக்கு ‘பேப்பர் எம்சிஎஸ்ஈ’ என்று துறையே பட்டம் சூட்டியது. அந்த எம்சிஎஸ்ஈயை 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்டே மூடிவிட்டது. 1983 ஜனவரி 1-இல் அர்பாநெட் ஏற்றுக்கொண்ட டிசிபி/ஐபியோ இன்றும் இணையத்தின் முதுகெலும்பு. அதைச் சரியாகக் கற்றவருக்கு அந்த அறிவு காலாவதி ஆகவில்லை.

இப்போது ஏணி வாதத்துக்குத் திரும்பலாம். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அது சமம் என்கிறார்கள். செக்யூரிட்டி பிளஸில் 90 கேள்விக்கு 90 நிமிடம் என்றால் கேள்விக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் சுற்றி வளைத்த ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படித்துப் பிரித்தறிய வேண்டும். தமிழில் எழுத வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர், நெட்வொர்க் தெரிந்திருந்தும் நேரத்திடம் தோற்கிறார். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர், அதாவது 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. தவறினால் மறுபடி முழுத் தொகை. வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற சலுகைக்கும் தனி அறை வேண்டும், வேறொருவர் உள்ளே வரக் கூடாது, இணைய இணைப்பு அறுபடக் கூடாது. ஓரறை வீட்டில், பௌர்ணமி இரவில் வாசலெல்லாம் கிரிவலக் கூட்டம் நகரும் ஊரில், இது யாருக்குக் கிடைக்கும்? தேறியவருக்கும் நிம்மதி மூன்றாண்டுதான். சிசிஎன்ஏ, செக்யூரிட்டி பிளஸ், சிஇஹெச் மூன்றும் மூன்றாண்டில் காலாவதி. புதுப்பிக்க மீண்டும் படிப்போ பணமோ இரண்டுமோ. வசதி உள்ளவருக்கு இது அலங்காரச் செலவு. இல்லாதவருக்குக் கடன். ஏணி என்று காட்டப்படுவது, ஒவ்வொரு படிக்கும் வாடகை வசூலிக்கிறது.

அந்தப் பணத்திலும் காலத்திலும் செய்யக்கூடியது அதே ஊரில் கிடக்கிறது. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், விர்ச்சுவல்பாக்ஸ், வயர்ஷார்க் மூன்றும் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றில் ஆய்வகம் அமைத்துவிடலாம். கிரிவலப் பாதையில் விடுதி நடத்துபவர் எவரிடமும் வைஃபை ரவுட்டர் இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு அதைப் பார்க்கலாம்: ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் மாற்றப்பட்டதா, விருந்தினர் இணைப்பும் கணக்குக் கணினியும் பிரிக்கப்பட்டுள்ளனவா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, முன்பதிவு விவரங்களுக்கு நகல் உண்டா. அனுமதி இல்லாமல் தொட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவு மூன்றாண்டுச் சிறைவரை போகலாம். ஆகவே கையெழுத்து வாங்குவதே இத்தொழிலின் முதல் பாடம். கண்டதை இரண்டு பக்க அறிக்கையாக, விடுதிக்காரருக்குப் புரியும் தமிழிலும் வேலை கொடுப்பவருக்குப் புரியும் ஆங்கிலத்திலும் எழுதலாம். இப்படி ஐந்து அறிக்கை கையில் வைத்திருப்பவரிடம் நேர்காணலில் கேட்பதற்கு விஷயம் இருக்கும். ஐந்து சான்றிதழ் வைத்திருப்பவரிடம் கேட்பதற்கு அவற்றின் பெயர்கள் மட்டுமே இருக்கும்.

சான்றிதழ் வேண்டாம் என்பதல்ல முடிவு. அதன் இடம் கடைசி என்பதே. முதலில் அடிப்படை, பிறகு ஆய்வகம், அதன் பிறகு அனுமதியோடு செய்த வேலையும் அறிக்கையும். தேர்வுக் கட்டணத்தை அதற்குப் பின் கட்டலாம். முடிந்தால் சம்பளம் கொடுப்பவரைக் கட்டச் சொல்லலாம்.