வாக்குப் பெட்டிக்கு வெளியே: கலவானவும் நமது வெகுசன வரலாற்றெழுத்தும்

'அறியப்படாத வரலாறு', 'மறைக்கப்பட்ட பக்கங்கள்' போன்ற தலைப்புகளில் இப்போது நிறையவே எழுதப்படுகிறது. வாரப் பத்திரிகைகளிலும் சிறு நூல்களாகவும் வரும் இவ்வகை எழுத்தை நான் விரும்பி வாசிப்பவன். ஆய்வேட்டைத் தொடாத ஒருவரும் பஸ்ஸில் போகும்போது வாசித்துவிடலாம். ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. பொது வாசகருக்கென எழுதுவோர் பெரும்பாலும் விசித்திரத்தையே தேடுகின்றனர். விசித்திரம் தீர்ந்ததும் கட்டுரையும் தீர்ந்துவிடுகிறது. இதற்குக் கலவானவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கலவான இரத்தினபுரி மாவட்டத்தில், சிங்கராஜ வனத்துக்குப் போகும் வழியிலுள்ள மழை கொட்டும் சிற்றூர். தேயிலை, இறப்பர், மாணிக்கக் குழிகள். 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் செய்திகளில் அடிபட்ட பெயர். அரசியல் வரலாறு வாசிப்போருக்கோ வேறொரு காரணத்தால் தெரிந்த பெயர். 1977 பொதுத்தேர்தலில் இங்கு ஐக்கிய தேசியக் கட்சியின் அபேரத்ன பிலப்பிட்டிய வென்றார். தேர்தல் மனுவொன்றின் முடிவில் அவ்வெற்றி செல்லாதென்றாயிற்று. ஆயினும் கட்சி அவரையே மீண்டும் உறுப்பினராக நியமித்தது. மறுபுறம் இடைத்தேர்தலும் வரவிருந்தது. ஓர் ஆசனத்துக்கு இருவர்! ஆட்சியாளர் கண்ட வழி, கலவானவை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கும்படி அரசியலமைப்பையே திருத்துவது. சர்வசன வாக்கெடுப்பின்றி அது ஆகாதென்றது உயர் நீதிமன்றம். 1981 ஜனவரி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்றார், பிலப்பிட்டிய விலகினார். 1977இல் ஓர் ஆசனமும் பெறாத இடதுசாரிகளுக்கு இப்படித்தான் அப்பாராளுமன்றத்தில் ஒரு குரல் கிடைத்தது. 1986இல் வீதி விபத்தில் முத்தெட்டுவேகம இறக்கும்வரை அது ஒலித்தது.

நல்ல கதைதான். ஆனால் இக்கதை சொல்லப்படும் விதத்தில் தோட்ட லயங்கள் எங்கும் வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். 1981இலும் நாட்டின் தோட்ட மக்களில் பெரும்பகுதியினர் வாக்காளர் அல்லர். அந்த ஜனவரியில் வாக்களித்த தோட்டத்தவர் சிலர் இருந்திருப்பர். வாக்களிக்க முடியாதவர்களைக் கணக்கில் எடுக்காமல், 'கலவான மக்கள் தீர்ப்பளித்தனர்' என்று எழுதுவது எந்த மக்களைப் பற்றியது?

ஏழு மாதங்கள் கழித்து, அதே மாவட்டத்தில் அவர்கள் வேறு விதமாகக் கணக்கில் எடுக்கப்பட்டனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். லயங்களும் கடைகளும் எரிந்தன. ஓகஸ்ட் 17இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தம் கட்சியினர் சிலரின் பேச்சு வன்முறைக்கு ஊக்கமளித்ததென ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவே பின்னர் கட்சிக் கூட்டத்தில் வருந்த நேர்ந்தது. இதற்கு இரண்டரை மாதங்கள் முன் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நம்மிடம் நூல்களும் கவிதைகளும் உள்ளன, இருக்கவும் வேண்டும். சப்ரகமுவவுக்கோ, 1983 யூலையைப் பற்றிய நூல்களின் முன்னுரையில் ஒரு வரி ஒதுக்கப்படும். இரண்டு வரி கண்டால் ஆச்சரியம்.

நினைவைச் சுமந்தவர்கள் சிதறிப்போனதே இதற்கு முதற் காரணம். சிலர் வவுனியாப் பக்கம் காந்தீயம் அமைத்த குடியேற்றங்களுக்குச் சென்றனர். வேறு பலர் 1984 வரை ஓடிய தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலில் ஏறினர். இன்னொரு காரணம் நம் இலக்கியச் சொல்லிலேயே இருக்கிறது. 'மலையகம்' என்றதும் ஹற்றனும் நுவரெலியாவும் பதுளையும் மனதில் வருகின்றன. குளிரும் பனிமூட்டமும் வருகின்றன. கிராமத்தை ஒட்டினாற்போல் சிறுசிறு துண்டுகளாகக் கிடக்கும், இறப்பர் பால் வெட்டும் சப்ரகமுவத் தோட்டம் அச்சித்திரத்துக்குள் வசதியாக அமர்வதில்லை. விளிம்பை எழுதவந்த இலக்கியமும் தனக்குள் ஒரு மையத்தை வைத்துக்கொண்டது என்பது எனது அவதானம்.

இவ்வகை எழுத்துக்கு நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' (2014) அவற்றிலொன்று. தொழிலாளரை வேலைவாங்குவதற்கு வெள்ளைத் துரைமார் படித்த தமிழ்க் கையேடுகளையும், 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பி கிருஷிக் கும்மி'யையும் அந்நூல் எடுத்துக்கொள்கிறது. வேடிக்கையான பழம்பொருள்களாக அவற்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ இந்த ஏவல் மொழிக்கு எதிரே நின்றவன் யார் என்ற கேள்வியை விடாமல் துரத்துகிறார். அச்சில் கிடைப்பவற்றைக் கொண்டு செய்த பணி அது. 1981இன் சப்ரகமுவவுக்கு அச்சு ஆதாரம் மட்டும் போதாது. வவுனியாவிலும் தமிழ்நாட்டின் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளிலும் இருக்கும் முதியவர்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த இதழின் வாசகருக்கு இது அயலார் கதையல்ல. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரை முழுமையாக வாசியுங்கள்: 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம்'. குடிசன மதிப்பீடு 'இந்தியச் சோனகர்' என்று எழுதிய கரையோர முஸ்லிம்களும் அதே மனுவை நிரப்ப வேண்டியிருந்தது. நம்மவர் எழுதும் சமூக வரலாறுகளில் 1915 கலவரம் அத்தியாயமாக வருகிறது. இது அடிக்குறிப்பாகவும் வருவது அரிது.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்களை அண்டிய சிறுநகரங்களில் முஸ்லிம்களின் பலசரக்குக் கடைகளும் துணிக்கடைகளும் இருந்தன. சம்பள நாள்வரை அரிசியும் சீத்தையும் கடனுக்குப் போயின. கடைக்காரர் கொப்பியில், தோட்டத்தின் பெயரோடு ஆளின் பெயரும் எழுதப்பட்டது. அரசாங்கத்தின் வாக்காளர் இடாப்பில் இல்லாத பெயர்கள் அவை. அக்கொப்பிகள் எந்த வீட்டுப் பரணிலாவது கிடந்தால், 1981 ஓகஸ்டுடன் எந்தெந்தப் பெயர்களின் கணக்கு நின்றுபோயிற்று என்று முதலில் பார்க்கலாம்.